மறு: சளி, குளிர்சுரத்துக்கான சீனக் குடிநீர்கள் – ‘வியர்வைப்பெருக்கி’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சீன மருத்துவச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில் ‘ஜியெபியாவ்’ (உடம்பின் வெளியடுக்கில் சிக்கிய நோயை வெளியேற்றும் மருந்து வகை) முதலியவற்றுக்கு எந்தச் சொல் என்று வந்த மூன்று மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நீளமாகிவிட்டது, பொறுத்தருள்க.

> ‘ஜியெபியாவ்’ வகை மருந்துகளுக்குப் புதுச்சொல் எதற்கு? குணபாடத்தில் ‘வியர்வைப்பெருக்கி’ ஏற்கெனவே இருக்கிறதே. அதையே ஆளலாம்.

மருத்துவர் ஐயாவுக்கு: சித்த மருந்தியல் நூலான குணபாடத்தின் செய்கைச் சொற்கள்மீது எனக்கும் தீராத மதிப்பு உண்டு. கோழையகற்றி, சிறுநீர்ப்பெருக்கி, வெப்பமகற்றி, உள்ளழலாற்றி என்று காதில் விழுந்தவுடன் வேலை விளங்கிவிடும். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இல்லாததைத் தேடும் வழக்கமும் எனக்கு இல்லை. ஆனால் இந்த இடத்தில் ‘வியர்வைப்பெருக்கி’ என்று எழுதினால், ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கு மேலும் வியர்க்க மருந்து கொடுக்கிறோம் என்று ஆகிவிடும். ஏனென்றால் இந்த வகையின் தலைமகனான குய்ஜி தாங் என்ற குடிநீர் (கசாயம்) கொடுக்கப்படுவதே வியர்க்கிற நோயாளிக்குத்தான்.

மூலத்துக்கே போவோம். கிழக்கு ஹான் ஆட்சியின் கடைசிக் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 200ஐ ஒட்டி, மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் எழுதியது ‘ஷாங்ஹான் லுன்’ என்ற குளிர்நோய் நூல். இன்று நம் கைக்குக் கிடைப்பது சோங் அரசின் மருத்துவ நூல் திருத்தக் கழகம் 1065இல் பதிப்பித்த பாடம். தம் குலத்தில் இருநூறு பேருக்குமேல் இருந்தார்கள், ஜியான்ஆன் என்ற அரச ஆண்டுக்கணக்கு தொடங்கிப் பத்தாண்டு முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு மாண்டுபோனார்கள், மாண்டவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது குளிர்நோய் என்று ஜாங் முன்னுரையில் எழுதுகிறார். ‘சளிக் குடிநீர்கள்’ என்று நாம் தலைப்பில் போட்டிருப்பது அந்தப் பின்னணிக்குக் கொஞ்சம் இலேசான பெயர். இருந்தாலும் இன்று இம்மருந்துகள் பெரும்பாலும் சளிக்கும் குளிர்சுரத்துக்கும்தான் பயன்படுகின்றன என்பதால் அப்படியே விடுகிறேன்.

அந்நூல் இரண்டு நோயாளிகளை எதிரெதிராக நிறுத்துகிறது. ஒருவருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, இடுப்புவலி, மூட்டுவலி, மூச்சு வாங்குகிறது, வியர்வை ஒரு சொட்டும் இல்லை. இவருக்கு மாஹுவாங் (எபெட்ரா) செடி சேர்ந்த மாஹுவாங் தாங். மற்றவருக்கும் காய்ச்சலும் தலைவலியும் உண்டு, காற்றுப் பட்டால் பிடிக்காது, ஆனால் வியர்க்கிறது. இவருக்கே குய்ஜி தாங். இவரைப் பற்றிய வரியில் மூன்று இரட்டைச் சொற்கள் வரிசையாக வருகின்றன. தமிழில் வைத்தால் ‘வெடவெடவென்று குளிருக்கு அஞ்சி, சிலுசிலுவென்று காற்றுக்கு அஞ்சி, கதகதவென்று காய்ந்து, மூக்கு ஒலித்து, வெறும் குமட்டல் எடுத்து’ என்று ஆகும். நம் இரட்டைக்கிளவிக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. எங்கள் மொழிபெயர்ப்பில் அகராதியைத் திறக்காமல் முடிந்த ஒரே வரி இதுதான்.

அடுத்து வருவது இன்னும் முக்கியம். ‘நாடி மிதந்தும் இறுகியும் இருந்து, காய்ச்சல் அடித்து, வியர்வை வராதவனுக்கு இதைக் கொடுக்கக் கூடாது’ என்று குய்ஜி தாங்குக்கு நூலே தடை போடுகிறது. வியர்க்காதவனுக்குத் தரக்கூடாத மருந்தை எப்படி ஐயா வியர்வைப்பெருக்கி என்பது?

செய்முறையையும் பாருங்கள். சீன லவங்கப்பட்டை மரத்தின் குச்சி மூன்று லியாங் (லியாங் பழைய எடை அளவு), பியோனி வேர் மூன்று லியாங், வாட்டிய அதிமதுரம் இரண்டு லியாங், இஞ்சி மூன்று லியாங், சீன இலந்தைப் பழம் பன்னிரண்டு. ஏழு ஷெங் தண்ணீர் விட்டுச் (ஒரு ஷெங் அந்நாளில் ஏறத்தாழ 200 மில்லி) சிறுதீயில் மூன்று ஷெங்காக வற்றவைத்து, சக்கையை வடித்துவிட்டு, ஆறப் பொறுத்து ஒரு ஷெங் குடிக்க வேண்டும். சற்று நேரம் கழித்துச் சூடான நீர்க்கஞ்சி ஒரு ஷெங்குக்குக் குறையாமல் குடிக்க வேண்டும், ‘மருந்தின் வலுவுக்குத் துணையாக’. பிறகு ஒரு நாழிகைப் பொழுது போர்த்திப் படுக்க வேண்டும் (சீன நாழிகை நம் கணக்கில் இரண்டு மணி நேரம்). உடம்பு முழுக்க ஈரம் படர்வதுபோல் மெல்ல வியர்த்தால் நன்று. தண்ணீராக ஓடவிடாதே, ஓடினால் நோய் போகாது. முதல் வேளையிலேயே வியர்த்து நோய் தணிந்தால் மிச்சத்தைக் குடிக்க வேண்டாம். பச்சையானவை, குளிர்ந்தவை, வழவழப்பானவை, மாவுப் பண்டம், இறைச்சி, கார நெடியுள்ள கீரை வகைகள், மது, தயிர் எல்லாம் விலக்கு. கஞ்சியும் போர்வையும் பத்தியமும் கூடியதுதான் மருந்து. இதில் வியர்வை ஓர் அடையாளம்: நோய் வெளியேறும் வழி திறந்துவிட்டது என்று மருத்துவருக்குச் சொல்லும் அடையாளம். பெருகுவதைத்தான் நூல் அஞ்சுகிறது.

மாஹுவாங் தாங்குக்கு இந்தக் கஞ்சி கிடையாது. ‘கஞ்சி வேண்டாம்’ என்றே எழுதியிருக்கிறது. மாஹுவாங்கை முதலில் தனியாகக் கொதிக்கவைத்து, மேலே பொங்கும் நுரையை எடுத்துவிட்டு, அதன்பிறகே மற்ற மூன்றையும் சேர்க்க வேண்டும். மாஹுவாங் என்ற செடிக்கு ‘வியர்வைப்பெருக்கி’ என்ற செய்கைப் பெயர் பொருந்தும், எனக்கு மறுப்பில்லை. ‘ஹான்ஃபா’ என்று சீனத்தில் தனியே சொல்லும் சிகிச்சை முறைக்கும் ‘வியர்ப்பித்தல்’ நல்ல சொல். ஐயாவின் சொல் வீணாகவில்லை. அதற்குரிய இடம் வேறு, அவ்வளவுதான். ஆனால் இச்செடிக்கான குறிப்பில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். நாகாய் நாகயோஷி 1885இல் ஜப்பானில் பிரித்தெடுத்த எபெட்ரின் இச்செடியில் இருக்கிறது. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும் பொருள் அது. அமெரிக்கா 2004இல் எபெட்ரா கலந்த துணைச்சத்து விற்பனையைத் தடைசெய்தது. கலைச்சொல் பட்டியலைப் பார்த்து யாராவது வீட்டில் காய்ச்சிவிடக் கூடாது.

> அப்படியானால் ‘புறந்தளர்த்தி’ என்று வைத்துவிடலாமே. பியாவ் என்றால் புறம், ஜியெ என்றால் தளர்த்துதல்.

இதை எழுதிய தோழிக்கு: நேர்த்தியான சொல். சீன எழுத்தின் அமைப்பையும் தொட்டுவிட்டீர்கள். பியாவ் என்ற எழுத்து உடையையும் உரோமத்தையும் சேர்த்து வரைந்தது. உரோமம் வெளிப்பக்கம் இருக்கும்படி போட்ட மேலாடை என்று பழைய விளக்கம். ஜியெ என்பதில் மாடு, கொம்பு, கத்தி மூன்றும் இருக்கின்றன. பிரித்தல், கட்டை அவிழ்த்தல் என்று பொருள். தோல், மயிர்க்கால், தசை வரை ஊடுருவிய குளிர் அங்கேயே சிக்கிக்கொண்டது, உள்ளே இறங்குவதற்குள் கட்டை அவிழ்த்து வந்த வழியே அனுப்பிவிட வேண்டும் என்பதே இம்மருந்துகளுக்குப் பின்னால் உள்ள கருத்து. (அது உடலியல் உண்மையா என்பது வேறு விவாதம். நாம் ஒரு மருத்துவ மரபின் கருத்துக்குத்தான் சொல் தேடுகிறோம்.)

ஆனால் ‘புறம்’ என்று தொடங்கினால் சித்த மருத்துவம் படித்தவர் எவரும் புறமருந்தைத்தான் நினைப்பார். அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்ற பகுப்பில் பற்று, ஒற்றடம், களிம்பு, பூச்சு எல்லாம் புறமருந்து. குடிக்கிற மருந்துக்குப் ‘புற’ என்ற முன்னொட்டைக் கொடுத்தால் தேர்வெழுதும் மாணவர் மேலே தடவிவிடுவார்.

‘தளர்த்தி’யும் எனக்கு இடறுகிறது. உடம்பு தளர்ந்தது என்றால் நமக்குச் சோர்வு. சளி பிடித்தவர் ஏற்கெனவே தளர்ந்துதான் கிடக்கிறார்.

என் முன்மொழிவு: மேலவிழ்ப்பி. உடனே சிரிக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

தென்மாவட்டங்களில் ‘மேல்’ என்றால் உடம்பு. மேலுக்கு முடியவில்லை, மேல் காய்கிறது, மேலெல்லாம் வலி, தலைக்கு ஊற்றாமல் மேல் மட்டும் கழுவுதல் என்கிறோம். அதிலும், காய்ச்சல் வருவதற்கு முந்தைய அந்தச் சிலிர்ப்பையும் தொட்டால் வலிக்கும் தோலையும் சொல்லத்தான் இந்த ‘மேல்’ அதிகம் வருகிறது. பியாவ் என்று ஜாங் குறிக்கும் இடமும் சரியாக அதுவே. எதிர்ப்பக்கத்துக்கு ‘உள்’ இருக்கிறது: மேல்நோய், உள்நோய். ‘அவிழ்’ என்பதற்கு நான் வாதாட வேண்டியதில்லை. மருந்துக்கே ‘அவிழ்தம்’ என்று ஒரு பெயர் நம் நிகண்டு வழக்கில் உண்டு. அது ஔடதத்தின் திரிபு, முடிச்சோடு அதற்கு உறவில்லை என்று தெரியும். ஆனாலும் காதுக்கு இதமாக இருக்கிறது.

இனி நீங்கள் கேட்கக்கூடியது: மேல் என்றால் கீழும் வருமே? வாந்தியெடுக்க வைப்பதும் பேதிக்குக் கொடுப்பதும் சீன முறையில் உண்டு. ‘மேல் வழியாக அவிழ்ப்பது’ என்று வாந்தி மருந்தாக எடுத்துக்கொள்ளமாட்டார்களா?

நல்ல கேள்வி. அவற்றுக்கு வாந்தியுண்டாக்கி, கழிச்சல் மருந்து என்று நிலைபெற்ற பெயர்கள் இருப்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். அகரமுதலியில் ‘மேல்’ என்ற பதிவுக்குக் கீழேயே ‘இங்கு: உடம்பின் வெளியடுக்கு’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

இந்தச் சொல்லை யின்ச்சியாவ் சான் என்ற மருந்தின்மேல் வைத்துப் பார்த்தேன். ஜாங்குக்கு ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கழித்து, 1798இல் உ ஜூதோங் எழுதி முடித்த நூலில் வருவது இது. தொண்டை வலியும் தாகமும் காய்ச்சலும் முந்தி, குளிர் அவ்வளவாக இல்லாத சளிக்கு உரியது. மாஹுவாங்கோ லவங்கக் குச்சியோ இதில் இல்லை. ஹனிசக்கிள் மொட்டு, ஃபார்சித்தியாக் காய், புதினா இனத்து இலை, நாணல் வேர் என்று பெரும்பாலும் குளிர்ச்சிப் பக்கம். வியர்வையைப் பெருக்கும் நோக்கமே இல்லாதபோதும் சீன வகைப்பாட்டில் இதுவும் ஜியெபியாவ்தான். வியர்வைப்பெருக்கி இங்கே முழுதாக உடைந்துபோகிறது, மேலவிழ்ப்பி தாங்குகிறது. வெம்மை மேலவிழ்ப்பி, தண்மை மேலவிழ்ப்பி என்று இரண்டாகப் பிரிக்கவும் இடம் தருகிறது.

இம்மருந்தையொட்டி இன்னொன்று. ‘சான்’ என்றால் சூரணம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறோம். ஆனால் இதை இடித்து, வேளைக்கு ஆறு ச்சியென் (இதுவும் எடை அளவு) எடுத்து, நாணல் வேர் நீரில் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்கிறார் உ. வாசனை நன்றாகக் கிளம்பியதும் இறக்கிவிடு, அதிகம் காய்ச்சாதே என்றும் சொல்கிறார். தேனில் குழைத்து உண்ணும் சூரணம் இல்லை இது. நம் மருந்தகங்களில் நிலவேம்பைப் பொட்டலத்தில் விற்கும்போது ‘குடிநீர்ச் சூரணம்’ என்று அச்சிடுகிறார்களே, அதே பொருள்தான். அதையே எடுத்துக்கொள்ளலாம். ‘தாங்’ என்பதற்குக் குடிநீர் என்பதில் இனி விவாதம் வேண்டாம் என்பது என் கருத்து. குடிநீர் என்றால் குழாயில் வருமா என்று கேட்ட நண்பருக்கு: 2020இல் கபசுரக் குடிநீர் தெருத்தெருவாகப் போன பிறகு அந்தக் கேள்விக்கு வயதாகிவிட்டது.

> ‘ஃபெங்ஹான்’ = வாடை, ‘ஃபெங்ரெ’ = கோடை. குளிர்காற்றுக்கும் வெப்பக்காற்றுக்கும் நம்மிடம் இவ்வளவு அழகான பெயர்கள் இருக்கும்போது...

படித்தவுடன் கைதட்டினேன். ஆனால் ஏற்க முடியவில்லை. ‘ஷு’ என்ற கோடைவெப்ப நோய் சீன மருத்துவத்தில் தனி வகை. ஃபெங்ரெ அதிலிருந்து வேறு, இளவேனிலிலும் குளிர்காலத்திலும்கூட வரும். கோடை என்று எழுதினால் இரண்டும் ஒன்றில் போய் விழும். வாடை என்றால் இன்றைய வாசகர் மூக்கைப் பொத்துவார். ஆகவே அழகு குறைந்தாலும் குளிர்காற்றுத் தாக்கு, வெங்காற்றுத் தாக்கு. ‘ஃபெங்’ வரும் இடத்தில் வாதம், வளி இரண்டையும் போடவே கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். நம் வாதம் உடம்புக்குள் என்றும் இருப்பது. இந்தக் காற்று வெளியிலிருந்து வந்து தாக்குவது.

செடிப் பெயர்களில் விரைவாக: ‘குய்ஜி’ சீன லவங்கத்தின் இளங்குச்சி, நம் பட்டை இல்லை. ‘ஷெங்ஜியாங்’ இஞ்சி, ‘கான்ஜியாங்’ சுக்கு. ஆங்கிலத்தில் இரண்டு சொல் போட்டு விளக்குவதை நாம் ஒரே சொல்லில் முடிக்கிறோம். ‘ஷிங்ரென்’ ஏப்ரிகாட் கொட்டையின் பருப்பு. இதை வரைவில் ‘வாதுமை’ என்று போட்டிருப்பதை உடனே எடுத்துவிடுங்கள். கசப்பு ஏப்ரிகாட் பருப்பை வாதுமைபோல் அள்ளித் தின்றால் சயனைடு நஞ்சாகிவிடும்.

மருந்துக் கூட்டில் ஒவ்வொன்றுக்கும் உள்ள பொறுப்பை ‘முதன்மை, துணைமை, இணைமை, கடத்தி’ என்று மாற்றிய திருத்தம் வேண்டாமே. ஜுன், சென், ஸோ, ஷி என்பவை அரசன், அமைச்சன், துணைவன், தூதன். குய்ஜி தாங்கில் லவங்கக் குச்சி அரசன், பியோனி அமைச்சன், இஞ்சியும் இலந்தையும் துணைவர், அதிமதுரம் துணைவனும் தூதனும். அமைச்சுக்கும் தூதுக்கும் தனித்தனி அதிகாரம் வைத்த குறளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் எதுவும் அந்நியமில்லை. ‘கடத்தி’ என்றால் மின்கம்பிதான் நினைவுக்கு வருகிறது.

உடம்பை ஊட்டுவதாகச் சொல்லும் ‘யிங்’, வெளியே நின்று காப்பதாகச் சொல்லும் ‘வெய்’ இரண்டையும் இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே விட்டிருக்கிறேன். வெய் என்பதற்குக் ‘காப்பு’ என்று மனத்தில் இருக்கிறது. யிங் என்பதற்கு மருத்துவர் ஐயா ‘சாரம்’ என்று முன்பு ஒருமுறை சொன்னார். ஏழு உடற்தாதுக்களில் முதலாவதான சாரத்தோடு அது மோதாதா என்பதை அவரே சொன்னால், ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியலின் அடுத்த வரைவை அனுப்பிவிடுவேன்.

அன்புடன்