இறால் போட்டுச் செய்த ஓவன் பாஸ்தா உள்ளே வறண்டு, மேலே தோலாகிவிடுகிறது: எங்கே பிழை?

கீழக்கரை மருமகள் கேட்கிறார்:

அஸ்ஸலாமு அலைக்கும், மற்ற அனைவருக்கும் வணக்கம். துபாயில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தபோது, எதிர்வீட்டு எகிப்தியப் பெண்மணி மாதம் ஒருமுறையாவது ‘மக்கரோனா பெஷமேல்’ செய்து தட்டோடு கொண்டுவந்து கொடுப்பார். அடியில் பெனே என்னும் குழாய் வடிவப் பாஸ்தா, நடுவில் கொத்துக்கறி, அதன்மேல் மீண்டும் பாஸ்தா, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு வெள்ளை சாஸ் என்று அடுக்கி, மேற்புறம் பொன்னிறமாகும்வரை ஓவனில் வைத்து எடுப்பார். வெட்டினால் நம் ஊர் இனிப்பான தொதல் துண்டைப் போலச் சதுரமாக நிற்கும். வாயில் வைத்தால் கரைந்துவிடும்.

ஊருக்குத் திரும்பியபின் அதையே கொத்துக்கறிக்குப் பதிலாக இறால் போட்டுச் செய்ய ஆசைப்பட்டு, போன வாரம் வீட்டில் எட்டுப் பேருக்குச் செய்தேன். பெனே 500 கிராம், பால் அரை லிட்டர், மைதா 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், துருவியே விற்கும் மொசரெல்லா சீஸ் 200 கிராம், உரித்த இறால் அரைக் கிலோ. பாஸ்தாவை நன்றாகக் குழைய வேகவைத்தேன். இறாலை மசாலா சுண்டும்வரை வதக்கினேன். 28 லிட்டர் ஓவனில் 200 டிகிரியில் 45 நிமிடம் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் மேலே சீஸ் காய்ந்த தோலாகவும், ஓரங்களில் எண்ணெய் தேங்கியும், உள்ளே பாஸ்தா மாவுக்கட்டியாகவும் இருந்தது. இறால் ரப்பரைப்போல் இழுத்தது. வெள்ளை சாஸ் அடுப்பில் இருக்கும்போதே கட்டி தட்டிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமி ஒன்றும் சொல்லாமல் ஊறுகாயை எடுத்து வைத்துக்கொண்டார்கள், அதைவிடத் திட்டியிருக்கலாம்.

எந்த இடத்தில் தவறினேன் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அடுமனைக்காரர், இராமநாதபுரம்:

சகோதரி, அளவுகளை ஒளிக்காமல் எழுதியதால் பதில் சொல்வது எளிதாகிறது. உங்கள் ஓவனில் குறையில்லை. பால் போதவில்லை, மைதா மிகுந்துவிட்டது. அரை லிட்டர் பாலுக்கு 100 கிராம் மைதா என்பது சாஸ் அன்று, சுவரொட்டி ஒட்டும் பசை.

பாஸ்தா கொதிநீரில் ஏறத்தாழத் தன் எடையளவு நீரைக் குடித்துவிடும். ஓவனுக்குள் போனபின்னும் அது குடிப்பதை நிறுத்துவதில்லை. சுற்றியிருக்கும் சாஸிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே தட்டில் ஊற்றும்போது ‘இது என்ன, இவ்வளவு நீர்த்திருக்கிறதே’ என்று மனம் பதறும் பதத்தில்தான் சாஸ் இருக்க வேண்டும். 500 கிராம் பெனேக்கு ஒன்றேகால் லிட்டர் பால், 75 கிராம் வெண்ணெய், 75 கிராம் மைதா என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வெண்ணெய்ப் பொட்டலத்தில் முக்கால் பங்கு. மைதா அரைக் கப்புக்குச் சற்று மேலே.

கட்டி தட்டியதற்குக் காரணம், மைதாவை ஒவ்வொரு துகளாகப் பிரித்துச் சூழ்ந்துகொள்ள உங்கள் வெண்ணெய் போதாமற்போனதுதான். இரண்டும் சம எடையாக இருந்தால் மைதா இளகிய கூழாகும். அதைச் சிறு தீயில் இரண்டு நிமிடம், நிறம் மாறாமல் பச்சை வாசனை மட்டும் போகும்வரை கிளறுங்கள். பிறகு வெதுவெதுப்பான பாலை முதலில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றி வழவழப்பாகும்வரை அடித்து, அடுத்த கரண்டி ஊற்றுங்கள். பாதிப் பால் சேர்ந்தபின் மீதியைத் தாராளமாகவே ஊற்றலாம். நன்றாகக் கொதி வந்தால்தான் மைதா முழுப் பலத்தோடு கெட்டிப்படும். கொதி வந்தபின்னும் எட்டு நிமிடம் சிறு தீயில் விட்டால் மாவுச் சுவை அறவே போய்விடும். ஜாதிக்காயைக் கடைசியில் சிறிதளவு உரசிப் போடுங்கள், போதும்.

பாஸ்தாவைப் பொட்டலத்தில் குறித்த நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுங்கள். கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். பொட்டலத்தில் டியூரம் கோதுமை (கடின ரகம்) என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மென்ரகக் கோதுமையில் செய்த மலிவுச் சரக்கு இரண்டாவது வேக்காட்டைத் தாங்காமல் கூழாகிவிடும்.

இன்னொன்றைக் கேட்காமலேயே சொல்கிறேன். எங்கள் பகுதியைப்போல உங்கள் ஊரிலும் ஆழ்குழாய்த் தண்ணீர் உவராகத்தானே இருக்கும்? காரத்தன்மையுள்ள நீரில் வெந்தால் பாஸ்தாவின் மேற்பரப்பு கரைந்து பிசுபிசுக்கும். காவிரிக் குடிநீரிலோ விலைக்கு வாங்கும் குடத்துத் தண்ணீரிலோ வேகவையுங்கள். வழியில்லையென்றால் ஐந்து லிட்டர் உவர்நீருக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள், உப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

சீஸ் விஷயத்தில் ஒன்றுதான். அதிகச் சூட்டில் அதன் புரதம் இறுகி, நீரையும் கொழுப்பையும் வெளியே தள்ளிவிடும். நீங்கள் பார்த்த தோலும் எண்ணெயும் அதுதான். துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், எனவே கட்டியாக வாங்கித் துருவுவதே நல்லது. 250 கிராம் எடுத்தால் 150 கிராமை, சாஸை அடுப்பிலிருந்து இறக்கியபின் அதில் கலந்துவிடுங்கள். மீதியை, ரஸ்க் தூளும் சிறிது உருகிய வெண்ணெயும் சேர்த்துப் பிசறி, கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் மேலே தூவுங்கள். 180 டிகிரியில் முதல் 20 நிமிடம் அலுமினியத் தாளால் மூடியும், பிறகு திறந்தும் வையுங்கள். 45 நிமிடம் என்பது கேக்குக்கு உரிய கணக்கு.

தங்கச்சிமடம் அடுப்படி:

தங்கச்சி, சாஸைப் பற்றி அண்ணாச்சி சொல்லிவிட்டார். இறாலைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மீன்பிடித் தொழில்.

இறாலுக்கு இரண்டு முறை வேக்காடு ஆகவே ஆகாது. உரித்து, முதுகுக் குடலை எடுத்து, உப்பும் மஞ்சளும் பிசறிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, வடிகிற தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுத்துவிடு. பிறகு நல்ல சூட்டில் ஒரே நிமிடம் புரட்டு. வெளிப்புறம் சிவந்து உள்ளே கண்ணாடியாக இருக்கும்போதே இறக்கிவிடு. மீதியை ஓவன் பார்த்துக்கொள்ளும். மசாலாவைத் தனியாகச் செய்துகொள்: சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வெந்நீரில் ஊறவைத்து விதை நீக்கி அரைத்த முண்டு மிளகாய் நான்கு. நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைக்காக மட்டும் இல்லை. அதன் தோல் தடித்தது, ஆகவே அரைத்தால் சாஸுக்கு உடம்பும் நிறமும் கிடைக்கின்றன. தக்காளியில் ஈரமே தெரியாதபடி எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்து, ஆறியபின் இறாலைச் சேர்த்து, நடு அடுக்காக மட்டும் வை. புளிப்பு ஈரத்தோடு பாலில் கலந்தால் திரிவதற்கு இடமுண்டு.

தலைகளையும் ஓடுகளையும் தூக்கிப் போட்டுவிடாதே. அவற்றை ஒரு கரண்டி எண்ணெயில் கரண்டியின் பின்புறத்தால் நசுக்கி நசுக்கி வறுத்தால் எண்ணெய் செம்மஞ்சளாக மாறி, கடற்கரைக் காற்றே அடுப்படிக்குள் வந்ததுபோல் மணக்கும். இரண்டு டம்ளர் நீர் ஊற்றி 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஒன்றேகால் லிட்டர் பாலில் கால் லிட்டரைக் குறைத்து அதற்கு ஈடாக இதை ஊற்று. நீ துபாயில் சாப்பிட்டதில் இந்த ருசி இருந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாததால் இறால் விலை கைக்கு எட்டாது. அப்போது நாட்டுப்படகில் வருகிற நண்டை அவித்துச் சதை எடுத்துப் போடலாம். இறாலைவிட இதுவே நன்றாயிருக்கும் என்பது என் கட்சி. கணவாய் மட்டும் வேண்டாம், ஓவனில் செருப்பாகிவிடும்.

பெரியபட்டினத்திலிருந்து ஒருவர்:

லாத்தா, ஓவன் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பிரியாணிச் சட்டியிலேயே இதைச் செய்கிறோம். அடிகனத்த சட்டியில் இரண்டு விரல் உயரம் கல்லுப்பு பரப்பி, முக்காலி வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, பாஸ்தாத் தட்டை இறக்கி, சிறு தீயில் 30 நிமிடம் வைத்தால் உள்ளே சரியாக அமைந்துவிடும். ஆனால் மேலே வெளுத்துப்போய் நிற்கும். அதற்குத் தம் போடுகிற முறைதான் மருந்து: கனத்த இரும்பு மூடியின்மேல் சிரட்டைக் கரித் தணலைப் பரப்பிக் கடைசிப் பத்து நிமிடம் விட்டால் பொன்னிறம் தானாக வரும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை சாஸில் ஒரு தேக்கரண்டி மாசித் தூள் (காய்ந்த சூரை மீன் பொடி) போட்டுப் பாருங்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது.

தங்கச்சிமடம் அடுப்படி:

மாசி வேண்டாம், தம்பி. சம்பலுக்கு அது ராஜா. பாலும் வெண்ணெயும் இருக்கிற இடத்தில் இறாலின் இனிப்பை விழுங்கிவிடும்.

கீழக்கரை மருமகள்:

அனைவருக்கும் நன்றி. நேற்று வெள்ளிக்கிழமை மீண்டும் செய்தேன். நான்கில் ஒரு பங்குச் சாஸை எடுத்துவைத்து, ஆறியபின் ஒரு முட்டையை அடித்துக் கலந்து மேலடுக்குக்கு வைத்துக்கொண்டேன். எகிப்தியப் பெண்மணி அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். மீதியைப் பாஸ்தாவில் ஊற்றியபோது அது நோன்புக் கஞ்சியைப்போல் தளதளவென்று கிடந்தது. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, இதைக் கிண்ணத்தில் ஊற்றித் தருவாயா என்று கேட்டார்கள். ஓவனிலிருந்து எடுத்தபோதும் தட்டை அசைத்தால் ஆடியது. அவசரப்படாமல் 15 நிமிடம் ஆறவிட்டேன். பிறகு கத்தி வைத்தால் சதுரம் சதுரமாக வந்தது. துண்டை எடுக்கும்போது பெனேக் குழாய்களுக்குள்ளிருந்து சாஸ் மெல்ல வழிந்தது. இறால் பற்களில் பட்டதும் முறிந்தது. ஓட்டுச் சாறு ஊற்றியதால் சாஸ் இளஞ்சிவப்பாக இருந்தது. பிள்ளைகள் அதில் மிளகாய் இருக்கிறது என்று பயந்துவிட்டார்கள். மாமி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள், ஊறுகாய் அலமாரியிலேயே இருந்தது.

ஒரு குறை: பின்பக்கம் கருகிவிட்டது, முன்பக்கம் வெளுத்திருந்தது. இரண்டு துண்டு மிஞ்சியும் இருக்கிறது. அதை எப்படிச் சூடாக்குவது?

அடுமனைக்காரர், இராமநாதபுரம்:

சிறிய ஓவன்களில் கதவுப் பக்கம் சூடு குறைவாகவே இருக்கும். மேலே சீஸ் தூவத் திறக்கிறீர்கள் அல்லவா, அப்போதே தட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிடுங்கள். அதற்காகத் தனியாகக் கதவைத் திறக்க வேண்டாம்.

மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் மூடி வையுங்கள். இறால் இருப்பதால் இன்றைக்கே முடித்துவிடுவது உத்தமம். ஒவ்வொரு துண்டின் மேலும் இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்து, தாளால் இறுக மூடி, 160 டிகிரியில் நடுப்பகுதி ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். இராத்திரியெல்லாம் பாஸ்தா குடித்துத் தீர்த்த ஈரத்துக்கு அந்தப் பால் ஈடாகும். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி சூடாக்காதீர்கள்.