எத்தியோப்பியா 1974: புரட்சியா, பட்டாளத்தின் ஆட்சிக் கவிழ்ப்பா?

கரிசல்காடு:
மன்னராட்சியை வீழ்த்திய சோஷலிசப் புரட்சிகளைப் பற்றிய பேச்சில் போன வாரம் ஒருவர் எத்தியோப்பியாவையும் சேர்த்திருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. 1974 செப்டம்பர் 12 காலையில் சில ராணுவ அதிகாரிகள் அரண்மனைக்குள் போய் ஓர் அறிக்கையை வாசித்தார்கள், 82 வயதுப் பேரரசர் ஹைலே செலாசியை ஒரு சின்ன ஃபோக்ஸ்வாகன் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முடிந்தது கதை. ஆட்சியைப் பிடித்தது தெர்க், அதாவது குழு. சிப்பாய் முதல் மேஜர் வரை சுமார் 120 பேர். பின்னால் கட்சி கிடையாது. முதலில் வைத்த முழக்கம் 'எத்தியோப்பியா முதலில்' என்பதுதான், சோஷலிசத்தைக் கொள்கையாக அறிவித்ததே டிசம்பரில். இதை எப்படிப் புரட்சி என்பது?

வடகரை:
நீங்கள் கடைசிக் காட்சியிலிருந்து தொடங்குகிறீர்கள் நண்பரே. ஜனவரிக்குப் போங்கள். தெற்கே நெகெலே என்ற இடத்தில் படைமுகாமில் சிப்பாய்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் கெட்டுப்போனது, அதிகாரிகளின் கிணற்றிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. கலகம் செய்தார்கள். விசாரிக்க அரசர் ஒரு ஜெனரலை அனுப்பினார், அவரைப் பிடித்துவைத்து தாங்கள் தின்னும் சோற்றையும் குடிக்கும் தண்ணீரையும் அவருக்கும் கொடுத்தார்கள், மனிதர் நோயில் படுத்துவிட்டார். பிப்ரவரியில் பெட்ரோல் விலை ஏறியதும் தலைநகர் அடிஸ் அபாபாவில் டாக்சிகள் நின்றன, ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த மாதக் கடைசியில் பிரதமர் அக்லிலு பதவி விலகினார். மார்ச்சில் தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தம், ஏப்ரலில் சம உரிமை கேட்டு முஸ்லிம்களின் பெரும் ஊர்வலம். தெர்க் அமைந்ததே ஜூன் கடைசியில்தான். அடுப்பை மூட்டியது யார், பானையைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று பிரித்துப் பாருங்கள்.

கரிசல்காடு:
சம்பளம், பெட்ரோல், தண்ணீர். எல்லாம் நியாயமான கோரிக்கைதான், ஆனால் இதில் சோஷலிசம் எங்கே? வடக்கே வோல்லோ மாகாணத்தில் பஞ்சம் வராமல் இருந்திருந்தால் அரசர் இதையும் சமாளித்திருப்பார், 1960 டிசம்பரில் அவருடைய மெய்க்காவல் படையே கவிழ்க்கப் பார்த்தபோது சமாளிக்கவில்லையா? 1973 அக்டோபரில் பிரிட்டிஷ் தொலைக்காட்சி அந்தப் பஞ்சத்தைக் காட்டியது. அதே படத்தோடு அரண்மனை விருந்துக் காட்சிகளையும் வெட்டி ஒட்டி, அரசரை இறக்குவதற்கு முந்தின இரவு தெர்க் உள்ளூர் டிவியில் ஒளிபரப்பியது. மழை பொய்த்தது, பட்டாளம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. என் வாதம் இவ்வளவுதான்.

ஓடைமரம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். "மழை பொய்த்தது" என்று ஒரு வரியில் கடந்துபோவதை மட்டும் விட முடியவில்லை. அமர்த்தியா சென் இந்தப் பஞ்சத்தை ஆராய்ந்திருக்கிறார். அந்த ஆண்டு நாட்டின் மொத்த விளைச்சல் பெரிதாக விழவில்லை. வோல்லோவின் பெரிய நகரமான தெஸ்ஸியேவில் தானிய விலைகூட அவ்வளவாக ஏறவில்லை, ஏனென்றால் விளைச்சல் போனவன் கையில் வாங்கக் காசு இல்லை. பட்டினி நடந்த அதே வோல்லோவிலிருந்து தானியம் வெளியூருக்குப் போனது. ஆவாஷ் ஆற்றங்கரையில் அஃபார் மக்கள் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த நிலம் பருத்திப் பண்ணைகளுக்குப் போயிருந்தது. வறட்சி வந்தபோது மாட்டை ஓட்டிக்கொண்டு போக அவர்களுக்கு அந்த ஆற்றங்கரை இல்லை. நிலம் யாரிடம் இருந்தது என்பதும் சேர்ந்த பஞ்சம் இது.

வடகரை:
ஓடைமரம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்கு மாகாணங்களில் குத்தகை விவசாயி விளைச்சலில் பாதிவரை, சில இடங்களில் அதற்கும் மேல், நிலப்பிரபுவுக்கு அளந்தான். 'உழுபவனுக்கே நிலம்' என்று பல்கலைக்கழக மாணவர்கள் அடிஸ் அபாபா தெருவில் ஊர்வலம் போனது 1965இல், தெர்க் பிறப்பதற்கு 9 ஆண்டு முன்னால். மாணவர் தலைவர் திலாஹுன் கிசாவ் 1969 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீங்கள் தேடுகிற சோஷலிசம் அந்தப் பிள்ளைகளிடம்தான் இருந்தது. 1975 மார்ச் 4 அன்று கிராமப்புற நிலம் முழுவதும் பொதுச் சொத்து, குத்தகை ஒழிந்தது, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 10 ஹெக்டேர் என்று அறிவித்தபோது தலைநகரில் மக்கள் திரண்டு வந்து கொண்டாடினார்கள். சிப்பாய்கள் அதைத் தாங்களாக யோசித்துச் செய்யவில்லை, செய்யாமல் இருக்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

கரிசல்காடு:
சரி, அந்தப் பிள்ளைகளைப் பற்றியே பேசுவோம், எனக்கு ஆத்திரம் வருவதும் அங்கேதான். 1974 நவம்பர் 23 இரவில் பழைய அமைச்சர்கள், ஜெனரல்கள் என்று சுமார் 60 பேரை விசாரணை இல்லாமல் சுட்டார்கள், அவர்களில் அக்லிலுவும் ஒருவர். அப்புறம் மாணவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்து சுமார் 60,000 பேரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே நிலப்பிரபுவை எதிர்த்து விவசாயியோடு நின்ற மாணவனை எத்தனையோ இடங்களில் போலீஸ்தான் அடித்தது, தெர்க் போலீஸ் பக்கம் நின்றது. 1977இல் தெர்க்கின் தலைவர் மெங்கிஸ்து நடுச் சதுக்கத்தில் சிவப்புத் திரவம் நிரப்பிய பாட்டில்களைப் போட்டு உடைத்து எதிர்ப்பாளர்களைக் கொன்றொழிக்கும் 'சிவப்பு பயங்கரம்' என்று அறிவித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடல்கள் தெருவில் கிடந்தன. பிள்ளையின் உடலை வாங்கப் போன தாயிடம் தோட்டாவுக்குக் காசு கேட்டதாக அங்கே பலர் சொல்லியிருக்கிறார்கள். 'உழுபவனுக்கே நிலம்' என்று கத்திய தலைமுறையையே கொன்றுவிட்டு அவர்கள் பெயரால் ஆண்டவர்களைப் புரட்சிக்காரர்கள் என்று என் வாயால் சொல்ல முடியாது.

வடகரை:
இதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கமாட்டேன். மெங்கிஸ்துவைக் காப்பாற்ற நான் வரவில்லை, 2006இல் இனப்படுகொலைக் குற்றத்துக்கு அவர் நாட்டு நீதிமன்றமே அவரைக் குற்றவாளி என்று சொன்னது. என் கேள்வி விவசாயியைப் பற்றியது. 1991இல் மெங்கிஸ்து ஜிம்பாப்வேக்கு ஓடினார், கிளர்ச்சிப் படைகள் ஆட்சிக்கு வந்தன. அவர்கள் தெர்க்கின் எத்தனையோ வேலைகளைக் கலைத்தார்கள், பழைய நிலப்பிரபுவுக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுக்க மட்டும் துணியவில்லை. 1995 அரசியல் சட்டத்திலும் நிலம் அரசுக்கும் மக்களுக்கும் சொந்தம் என்றே எழுதினார்கள். வெறும் ஆட்சிக் கவிழ்ப்பு என்றால் இது எப்படி நிலைத்தது?

கரிசல்காடு:
நிலப்பிரபு போனான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் இருந்த இடத்தில் அரசு வந்து உட்கார்ந்தது. 80களில் விவசாயி இத்தனை மூட்டையை அரசுக் கழகம் வைத்த விலைக்கே போட வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள், சந்தை விலை அதைவிட மேலே இருந்தது. 1984இல் புரட்சியின் 10ஆம் ஆண்டு விழாவுக்குத் தலைநகரை அலங்கரித்துக்கொண்டிருந்தபோது அதே வோல்லோவில் மறுபடியும் சனம் பட்டினியில் செத்தது. நீங்கள் சொல்லும் அந்த 1995 சட்டத்திலும் விவசாயி தன் நிலத்தை விற்க முடியாது. அவனிடம் போய் 'நிலம் யாருடையது' என்று கேட்டால் என்ன சொல்வான்?

வடகரை:
குத்தகை அளந்த அப்பனின் மகன் என்றால், "பாதி மூட்டை வீட்டிலேயே இருக்கிறது" என்பான்.