வேலூர் வெயிலில் வண்டி ஏன் திணறுகிறது?

*சத்துவாச்சாரி*

கத்திரி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதி வண்டிக்கு "பிக்கப் போச்சு" என்ற புகார் வந்துவிடும். எல்லாரும் பெட்ரோல் பங்கைத்தான் திட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு 150 சிசி பைக்கில் போய் வருகிறவன் நான். காலை ஷிப்டுக்கு விடியலில் கிளம்பினால் ஹைவே மேம்பாலத்தை நாலாவது கியரிலேயே ஏறிவிடும். மதியம் திரும்பும்போது அதே வண்டி, டேங்கில் அதே பெட்ரோல், ஆனால் மூன்றாவதுக்கு இறக்கினால்தான் நகரும். காலையில் நல்லதாக இருந்த பெட்ரோல் மதியத்துக்குள் கலப்படம் ஆகிவிடுமா?

மாறுவது காற்றுதான். சூடானால் காற்று விரியும். சிலிண்டருக்குள் போகிற கொள்ளளவு அதேதான் என்றாலும் உள்ளே சேரும் ஆக்சிஜன் குறையும். காலை 27 டிகிரி, மதியம் 42 டிகிரி என்று வையுங்கள், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்துவிடும். அந்த அளவுக்குப் பெட்ரோலும் குறைவாகத்தான் எரிய முடியும். பெரிய கார்க்காரருக்கு இது உறைக்காது. பின்னால் ஆள் ஏற்றிய சின்ன பைக்குக்கு நன்றாகவே உறைக்கும். இதுவும் காற்று நேராக உள்ளே போனால்தான். காட்பாடி பாலத்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தால் வண்டி இழுப்பது வெளிக்காற்றை அல்ல, தன் எஞ்சினும் தார் ரோடும் காய்ச்சிய காற்றை. ஏர் கூல்டு எஞ்சினுக்கு ஓட்டம்தான் விசிறி, நின்றால் அதுவும் இல்லை.

நான் வண்டி விடுகிற மெக்கானிக் பாய், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் கை தேர்ந்தவர். வெயில் காலத்தில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனையில் இருக்க வேண்டிய செங்கல் பழுப்பு நிறம் இல்லை, கரி அப்பியிருந்தது. ஏர் ஃபில்டரைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. "ஜெட் ஓட்டை சின்னதாகுமா? காத்துதான் லேசாயிடுச்சு, பெட்ரோல் அதிகமா விழுது" என்றார். ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளை. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. காற்றின் சூட்டைச் சென்சார் பார்த்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் புகை வராது, மைலேஜ் கெடாது என்பது வரைக்கும்தான் அது. இல்லாத காற்றை அதுவும் கொண்டுவர முடியாது.

இன்னொன்று, மதியம் ஏற்றத்தில் திராட்டிலை முறுக்கும்போது 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் வந்தால் விடாப்பிடியாக முறுக்காதீர்கள். சூடான கலவை நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்வதால் வருவது அது. கியரைக் குறைப்பதே மருந்து.

*ஜோலார்பேட்டை*

சத்துவாச்சாரி அண்ணன் சொன்னது சரி. ஆனால் குளிர்ந்த இடத்தில் வண்டி நன்றாக இழுக்கும் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஏலகிரிக்கு மாமா குடும்பத்தோடு ஐந்து பேர் போனோம், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். கீழே அனல், மேலே ஜிலுஜிலு காற்று. வண்டியோ மேலே போகப் போகத்தான் சோர்ந்தது. 14 கொண்டை ஊசி வளைவுகளில் கடைசி நாலைந்தில் முதல் கியரை விட்டு எடுக்கவே இல்லை. "புது வண்டியாடா இது?" என்று மாமா கேட்டேவிட்டார்.

ஏலகிரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட 12 சதவீதம் போலக் குறைவு. குளிர்ச்சியால் திரும்பக் கிடைப்பது 3 சதவீதம்தான். கணக்கில் நஷ்டம் நமக்கே. பின்னால் டர்போ டீசலில் வந்த சித்தப்பா எதுவுமே தெரியாமல் ஏறினார். டர்போ காற்றை அமுக்கித் தருவதால் உயரம் அவ்வளவாகத் தெரியாது.

*குடியாத்தம்*

எங்களுக்கு வெயிலைவிட மார்கழிதான் பேஜார். பால் வண்டி, விடியற்காலை நாலரைக்கே எடுக்க வேண்டும். இங்கே என்ன பெரிய குளிர் என்பார்கள், கிக்கரை உதைக்கிறவனுக்குத்தான் தெரியும். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் சோக்கை இழுத்துக் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சின் ஆயிலும் கெட்டியாகக் கிடக்கும். ஸ்டார்ட் ஆனதும் முறுக்காமல் அரை நிமிஷம் விட்டு, முதல் தெருவை மெதுவாகக் கடந்தால் போதும். மறக்காமல் சோக்கைத் தள்ளிவிட வேண்டும். சூடு பிடித்த பிறகு அந்தப் பனியில் வண்டி இழுக்கிற இழுவை வருஷத்தில் வேறு எந்த மாசமும் வராது.

*ஆம்பூர்*

லாரிக்காரன் பங்குக்கு நானும். டர்போ இருந்தால் கவலை இல்லை என்பது பாதிதான் உண்மை, ஜோலார்பேட்டை தம்பி. டர்போ அமுக்குகிற காற்று கொதிக்கும். அதை ஆற்றுகிற இன்டர்கூலருக்கு வெளிக்காற்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பலன்தான். ஹைவே தூசியும் பூச்சியும் அதன் தகடுகளில் அடைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். லோடு ஏற்றிக்கொண்டு சூளகிரிப் பக்கம் மே மாதப் பகலில் ஏறினால் டெம்பரேச்சர் முள் மேலே போவது கண்ணுக்குத் தெரியும். அதனால் பெங்களூர் லோடு என்றால் சாயந்திரம் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி எடுப்பது. டயருக்கும் நல்லது.

ஏலகிரி ஏறுகிறவர்கள் கடைசி வளைவுகளில் ஏசியை அணைத்துவிடுங்கள், சின்ன எஞ்சினுக்கு அது பெரிய பாரம். முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் இருக்கும், மூடி நெகிழ்ந்த நொடியில் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து தொடுங்கள்.