பன்னாட்டு பிஆர் நிறுவனங்களோடு உங்கள் அனுபவம் என்ன?

தொடங்கியவர், கோலாலம்பூர்:

பிஆர் ஏஜென்சி (மக்கள் தொடர்பு நிறுவனம்) என்றால் ஹோட்டலில் நிருபர்களுக்குச் சாப்பாடு போட்டு, கையில் ஒரு பை கொடுத்து அனுப்புகிற வேலை என்றுதான் நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். மக்கள் தொடர்பு படிக்கிற பிள்ளைகள் இப்போது நம்மிடையே நிறைய பேர். அவர்களுக்காகவாவது, உள்ளே வேலை பார்த்தவர்களும் வெளியே இருந்து பழகியவர்களும் கண்டதை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கோலாலம்பூர் கிளையில் சேர்ந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு முதல் வேலை பேப்பர் பார்ப்பது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நான்கிலும் கிளையண்ட் பெயர் எங்கே வந்திருக்கிறது என்று தேடி, வெட்டி, ஏ4 தாளில் ஒட்டி, மேலே பத்திரிகைப் பெயர், தேதி, பக்கம் எழுத வேண்டும். அப்புறம் ஸ்கேல் எடுத்து, எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளப்போம். அதே இடத்தில் விளம்பரம் போட்டால் ஆகும் கட்டணத்தை மூன்றால் பெருக்கி, இத்தனை ஆயிரம் வெள்ளிக்குச் சமமான செய்தி வந்திருக்கிறது என்று மாதக் கடைசியில் அறிக்கை போகும். யார் படித்தார்கள், படித்தவர்கள் மனதில் என்ன மாறியது என்பதற்கு அதில் இடமே இல்லை. எனக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. 2010-ல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள், விளம்பரக் கட்டணம் பிஆரின் மதிப்பு ஆகாது என்று கொள்கையாகவே அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் அதே கணக்கைக் கேட்கும் கிளையண்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நிறுவனங்கள் எப்படி இவ்வளவு பெரிதாயின என்பதற்கு பர்சன்-மார்ஸ்டெல்லர் நல்ல உதாரணம். ஹரால்ட் பர்சன் அடிப்படையில் பத்திரிகைக்காரர். நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணை நடந்தபோது அமெரிக்கப் படை வானொலிக்குச் செய்தி கொடுத்தவர். விளம்பரத் துறையில் இருந்த பில் மார்ஸ்டெல்லரோடு சேர்ந்து 1953-ல் நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்கக் கம்பெனிகள் கடல் தாண்டிப் போகப் போக, இவர்களும் பின்னாலேயே போய் அலுவலகம் திறந்தார்கள். முதலில் ஐரோப்பா, அப்புறம் ஆசியா. 1979-ல் யங் அண்ட் ரூபிகாம் என்ற விளம்பர நிறுவனம் அவர்களை வாங்கியது. 2000-ல் எல்லாம் சேர்த்து டபிள்யூபிபி என்ற பிரிட்டிஷ் விளம்பரக் குழுமத்தின் கைக்குப் போனது. 2018-ல் கோன் அண்ட் வுல்ஃபோடு ஓர் இணைப்பு, 2024-ல் ஹில் அண்ட் நோல்டனோடு இன்னோர் இணைப்பு. இதற்கு நேர்மாறாக, 1952-ல் சிகாகோவில் தொடங்கிய எடல்மன் இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

கோலாலம்பூர் கிளைக்கு வேலை வருவதும் இதே வழியில்தான். நியூயார்க்கிலோ லண்டனிலோ ஒப்பந்தம் ஆகும், சிங்கப்பூரில் திட்டம் போடுவார்கள், கடைசியில் நம் மேசைக்கு வரும். ஆனால் இங்கே எந்த ஆசிரியரிடம் எப்போது பேசலாம், நோன்பு மாதத்தில் எந்த நேரத்தில் நிகழ்ச்சி வைக்கக்கூடாது, தைப்பூச வாரத்தில் பத்துமலைக்குப் போகாத தமிழ் நிருபர் யார் என்பதெல்லாம் சிங்கப்பூரில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த அறிவுக்குத்தான் கிளையண்ட் மாதாமாதம் பணம் கட்டுகிறார் என்று நான் நம்புகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ், முன்னாள் நிருபர்:

ஐயா சொன்ன அந்தக் கட்டிங்குகளில் நான் எழுதியவையும் இருந்திருக்கும்! இரண்டு தமிழ் நாளிதழ்களில் வேலை பார்த்தவன். பெரிய ஏஜென்சிகளின் அழைப்பு எங்களுக்குக் கடைசியில்தான் வரும், சில சமயம் நிகழ்ச்சி நாளன்று காலையில். ஆங்கிலப் பத்திரிகைக்குத் தலைமை நிர்வாகியோடு தனிப் பேட்டி, எங்களுக்கு மேடைப் படம் ஒன்று. இதைப் பலமுறை நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

விதிவிலக்கும் உண்டு. கிள்ளானைச் சேர்ந்த ஒரு பெண், ஏஜென்சியில் அப்போதுதான் சேர்ந்தவர், முதல் வாரமே அலுவலகத்துக்கு வந்து, உங்கள் பக்கம் எத்தனை மணிக்கு மூடும், ஞாயிறு பதிப்புக்கு எப்போது பொருள் வேண்டும், என்ன மாதிரிப் படம் எடுபடும் என்று உட்கார்ந்து குறித்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் அனுப்பியது எதையும் நான் குப்பையில் போட்டதில்லை. ஒரு தமிழ்ப்பள்ளிக்கு கம்ப்யூட்டர் கொடுத்த நிகழ்ச்சியில், காசோலைப் படத்துக்குப் பதிலாகப் பிள்ளைகள் விசைப்பலகையில் கை வைத்திருக்கும் படத்தை அனுப்பினார். அரைப்பக்கம் போட்டோம்.

மறக்க முடியாத இன்னொன்று. ஒரு பொருளைப் பற்றி வாசகர்கள் புகார் வரிசையாக வந்து, நான் செய்தி தயாரித்தேன். கருத்துக் கேட்டு ஏஜென்சிக்கு அனுப்பினால், பதிலுக்கு முழுப்பக்க விளம்பரம் தருவதாக ஒரு தொலைபேசி. எங்கள் ஆசிரியர், விளம்பரத்தை விளம்பரப் பிரிவில் கொடுங்கள், செய்திக்கு உங்கள் பதிலை மாலைக்குள் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். விளம்பரமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. செய்தி வந்தது. விளம்பர வருமானத்துக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் எவ்வளவு சிரமப்பட்டன என்று தெரிந்தவர்களுக்கு அந்த முடிவின் கனம் புரியும். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-ல் நின்றுபோனதே.

பினாங்கு:

அண்ணே, வணக்கம். பாயான் லெப்பாஸில் ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் இரவு ஷிப்டில் ரசாயனக் கசிவு. சில பெண்களுக்குக் கண் எரிச்சல், மூச்சுத் திணறல், மருத்துவமனைக்கு அனுப்பினோம். விடிவதற்குள் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது, யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று.

முதல் விமானத்தில் கோலாலம்பூரிலிருந்து ஏஜென்சி அம்மா ஒருவர் வந்தார், நம் தமிழ்ப் பெண்தான். பசியாறக்கூட இல்லை. கசிந்தது என்ன, எத்தனை மணிக்கு, தீயணைப்புப் படைக்கு யார் சொன்னது, மருத்துவமனையில் இருப்பவர்களின் வீட்டுக்குச் சொல்லியாச்சா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. "முதல்ல அதைச் செய்யுங்க, நிருபர்கள் காத்திருக்கட்டும்" என்றார். அப்புறம் தலைமையகத்துக்குப் போன் போட்டு, ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் பட்டர்வொர்த் போய்ச் சேர்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும், நாம் மௌனமாக இருந்தால் வதந்திதான் செய்தியாகும் என்று நேராகவே சொன்னார்.

அவர் எழுதியது ஐந்தே வரி. தெரிந்தது என்ன, இன்னும் தெரியாதது என்ன, அடுத்து எத்தனை மணிக்குச் சொல்வோம். "வருந்துகிறோம்" என்ற சொல்லை வழக்கறிஞர் அடித்தார், இவர் திரும்பவும் சேர்த்தார். மதியம் ஆலை மேலாளரே வாசலுக்கு வந்து நிருபர்களிடம் பேசினார். சொன்ன நேரத்துக்கு அடுத்த தகவலும் வந்தது. ஊழியர்கள் எங்களை நம்பியது அதனால்தான்.

ஷா ஆலம்:

இதெல்லாம் நல்ல பக்கம். 2017-ல் லண்டனின் பெல் பாட்டிங்கர் என்ற பிஆர் நிறுவனத்தை, தென்னாப்பிரிக்காவில் குப்தா என்ற தொழிலதிபர் குடும்பத்துக்காக இனப் பகையைத் தூண்டும் பிரசாரம் செய்தது என்று அவர்கள் தொழில் சங்கமே நீக்கியது. அதே மாதம் நிறுவனம் திவாலானது. நம் நாட்டில் 2010-ல் ஏப்கோ என்ற அமெரிக்க பிஆர் நிறுவனத்தின் பெயர் நாடாளுமன்றத்திலேயே அடிபட்டு, அதை அன்றைய அரசின் 1மலேசியா முழக்கத்தோடு தொடர்புபடுத்திப் பேசியதற்காக அன்வார் இப்ராஹிம் 6 மாதம் இடைநீக்கம் ஆனார். என் மகள் இந்தத் துறைக்குப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?

தொடங்கியவர்:

அனுப்புங்கள் சார். நீங்கள் சொன்னது நியாயமான கவலைதான். 1982-ல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. அந்தச் சமயத்தில் அவர்களுக்கு ஆலோசனை சொன்ன பர்சன்-மார்ஸ்டெல்லரைத் துறையே பாராட்டுகிறது. அதே நிறுவனம்தான் அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சிக்கும் வேலை செய்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தவை. அதனால் எந்த நிறுவனம் என்பதைவிட, யாருக்குக் கீழ் வேலை பழகுகிறாள் என்பதுதான் முக்கியம். நேர்காணலில் சம்பளம் பேசுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கிளையண்ட் உண்டா? கிளையண்ட் பொய் சொல்லச் சொன்னால் இந்தக் கிளையில் யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டாவதற்குச் சட்டென்று ஒரு ஆளைக் காட்டினால் சேரட்டும்.