புதுப்பிப்பு: அக்கா பையனின் செஸ் ஆட்டங்களை அலசுவது பற்றி

அக்கா பையன் லிசெஸ் என்ற இணைய செஸ் தளத்தில் பத்து நிமிட ஆட்டமாக ஆடித் தள்ளுகிறான், தோற்ற கையோடு அடுத்ததைத் தொடங்கிவிடுகிறான், இவனுக்கு எப்படி உதவுவது என்று முன்பு கேட்டிருந்தேன். "முதலில் எஞ்சினை மூடுங்க, அவனையே பேச விடுங்க" என்றீர்கள் (எஞ்சின் என்றால் சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுக் காட்டும் செஸ் மென்பொருள்). நன்றாகவே வேலை செய்கிறது.

ஒரு ஆட்டம் மட்டும் சொல்கிறேன். இவன் கறுப்பு. இத்தாலியன் பாணித் தொடக்கம். இரண்டு குதிரையையும் வெளியே கொண்டுவந்திருந்தான். நான்காவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்கு வந்து, சி4 பிஷப்போடு சேர்ந்து இவன் ராஜாவை ஒட்டிய எஃப்7 கட்டத்தைக் குறிவைத்தது. இவன் சிப்பாயை டி5-க்குத் தள்ளினான், சரியான பதில். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்ட, குதிரையால் திருப்பி வெட்டினான். அவ்வளவுதான், எதிராளி எஃப்7-இல் குதிரையைப் பலி கொடுத்து ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிட்டார்.

"எங்கடா கைவிட்டுப் போச்சு?"

"ராஜா வெளிய வந்தப்போ, மாமா."

ஒவ்வொன்றாகப் பின்னால் போனோம். டி5-இல் குதிரையால் வெட்டாமல் வேறென்ன செய்யலாம் என்று கேட்டேன். ரொம்ப நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, சி6 குதிரையை ஏ5-க்கு வைத்து பிஷப்பைத் தாக்கினான்! பிறகுதான் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினைத் திறந்தோம். அதுவும் அதையே காட்டியது. ஒரு சிப்பாய் போனாலும் கறுப்புக் காய்கள் சுறுசுறுப்பாகிவிடும்.

மற்ற தோல்விகள் பெரும்பாலும் காயைச் சும்மா தூக்கிக் கொடுத்தவை, அலச ஒன்றுமில்லை. இறுதியாட்டம்தான் இடிக்கிறது. ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும் மிஞ்சினால் சிப்பாயைத்தான் முதலில் ஓட்டுகிறான். ராஜாவை முன்னே அனுப்பப் பழக்க நல்ல பயிற்சி இருந்தால் சொல்லுங்கள்.