அப்பா அம்மாவுக்கு அமெரிக்க டூரிஸ்ட் விசா: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 81 வயது, அம்மாவுக்கு 74, கோவில்பட்டியில் இருக்கிறார்கள். நான் டல்லாஸில். பேத்தியை இன்னும் வீடியோ காலில்தான் பார்க்கிறார்கள், அதனால் பி2 என்ற டூரிஸ்ட் விசாவுக்கு இங்கிருந்தே டிஎஸ்-160 ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, ஒரே பெயர்தான். அந்தப் பெயரை சர்நேமில் போட்டு கிவன் நேமில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட வேண்டும், அது தெரியும். விசா வந்த பிறகு விமான டிக்கெட்டில் பெயரை எப்படிப் போட்டீர்கள்?

பெரிய கவலை நேர்காணல்தான். முன்பு 80 தொட்டவர்களை பெரும்பாலும் நேரில் கூப்பிட மாட்டார்கள், 2025 செப்டம்பர் 2 முதல் அந்தச் சலுகையும் போய்விட்டது. அப்பாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, கவுன்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து மைக்கில் கேட்பதை எப்படிப் புரிந்துகொள்வார்? தமிழிலேயே பேசலாம், சரி, ஆனால் அம்மா பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல விடுவார்களா?

அப்புறம் கைரேகை. தீப்பெட்டி ஆபீஸில் காலமெல்லாம் வேலை பார்த்த கை, ரேஷன் கடை மெஷினிலேயே பாதி நாள் விழாது. இப்படி யாருக்காவது ஆகி, விசா மையத்தில் என்ன செய்தார்கள்?

கைரேகை ஒரு நாள், நேர்காணல் இன்னொரு நாள் என்பதால் சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் ஜெமினி மேம்பாலம் பக்கம் படி ஏறாமல் தங்க இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

ஏஜென்ட் நம்பர் மட்டும் வேண்டாம். பேங்க் பேலன்ஸை ஏற்றிக் காட்டலாம் என்று ஒருவர் சொன்னார், வயதானவர்களைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசில்லை.