சுனாமிக்காக ஆறு மணி நேரம் காத்திருந்தேன். பெரிதாக எதுவும் வரவில்லை. ஏன் ஏமாற்றமாக இருந்தது?

கரையில்விட்ட_ஃபிட்டர்:

வணக்கம். சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டராக இருக்கிறேன். 2025 ஜூலை 29 அன்று எங்கள் கப்பல் ஹவாயின் ஹொனலுலு துறைமுகத்தில் கட்டியிருந்தது. மதியம் ஷோர் லீவில் இறங்கினேன். பாதுகாப்பு பூட்ஸ் ஒன்று வாங்க வேண்டும், வீட்டுக்குப் பேச வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

அங்கே மணி 1.24 ஆனபோது ரஷ்யாவின் கம்சட்காவில் நிலம் அதிர்ந்திருக்கிறது. 5,000 கிலோமீட்டர் தள்ளி அதிர்ந்தால் என் காலடியில் என்ன தெரியும்? சுற்றி நின்ற எல்லோருடைய செல்போனும் ஒன்றாக அலறியபோதுதான் தலை நிமிர்ந்தேன். அளவை முதலில் 8.0 என்றார்கள், அப்புறம் 8.7, கடைசியில் 8.8. முதல் அலை இரவு 7.10-க்கு வரும் என்று மணி, நிமிடத்தோடு சொன்னார்கள்.

டெக் ஆட்களுக்குத் தலைவரான போசனிடமிருந்து ஒரே வரி வந்தது: "கப்பலை வெளியே எடுக்கிறோம், உடனே வா." சாலையெல்லாம் வண்டி. மேடு நோக்கிப் போகிற வரிசை நகரவே இல்லை. நான் மட்டும் கடல் பக்கமாக ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது மூரிங் கயிறுகளை எடுத்துவிட்டார்கள், டக் படகு முகப்பை இழுத்துக்கொண்டிருந்தது. கேப்டனைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் ஆளுக்காக இருபது பேரை நிறுத்திவைக்க முடியாது. ஆனால் என் கட்டில், என் பாஸ்போர்ட், என் துணிமணி எல்லாம் கடலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு பையில் ஷோர் பாஸோடு நிற்பது என்ன மாதிரி என்று சொல்லத் தெரியவில்லை. கடலிலிருந்து ஆபத்து வருகிறது என்றதும் கப்பல்கள் கடலுக்கே ஓடுகின்றன, மனிதர்கள் மேட்டுக்கு ஓடுகிறார்கள். நடுவில் நான்.

ஒரு காவலர் உயரமான கட்டடத்தின் கார் நிறுத்தும் தளத்துக்கு அனுப்பினார். பத்து மாடிக்குக் குறையாத கான்கிரீட் கட்டடமாக இருக்க வேண்டும், நான்காம் தளத்துக்கு மேலே நிற்க வேண்டும், அதுதான் அங்கே கணக்காம். நான் ஆறாம் தளத்தில் நின்றேன். நாலு மணி வாக்கில் சைரன் ஊதியது, அப்புறமும் விட்டு விட்டு ஊதியது. ஒரு பெண் பறவைக்கூண்டைத் துணியால் மூடி மடியில் வைத்திருந்தார். ஒரு சிறுமி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி கேட்டாள். அவளுடைய அப்பா ஒருமுறைகூட எரிச்சல்படவில்லை, அதைக் கவனித்தேன்.

7.10 ஆயிற்று. சூரியன் மறைகிற நேரமும் அதுதான். எல்லோரும் சுவர் ஓரம் போய் நின்றோம். எதுவும் தெரியவில்லை. இருட்டிவிட்டது. பிறகு ஒருவர் போனைப் பார்த்து, தீவின் வடகரையில் ஹலேய்வாவில் 4 அடி, 12 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று வாசித்தார். யாரோ "இவ்வளவுதானா?" என்றார். பலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 10.40 வாக்கில் எச்சரிக்கையின் தரத்தைக் குறைத்தார்கள்.

இப்போது என் கேள்வி. வருகிற நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்ல முடிகிறது, உயரத்தை மட்டும் ஏன் சொல்ல முடியவில்லை? இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது: அந்தச் சிரிப்புக்குள் எனக்கு உண்மையாகவே ஓர் ஏமாற்றம் இருந்தது. ஏதாவது வந்திருக்கலாமே என்று. வேறு யாருக்காவது இப்படித் தோன்றியிருக்கிறதா, அல்லது எனக்குத்தான் புத்தி கெட்டுப்போனதா?


அழுத்தமானி:

நேரத்தைச் சொல்வது எளிது. இவ்வளவு நீளமான அலைக்கு வேகம் ஆழத்தைப் பொறுத்தது மட்டுமே. மீட்டரில் உள்ள ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 5,500 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 232 மீட்டர், அதாவது மணிக்கு 835 கிலோமீட்டர் சுமாருக்கு. 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது அதுவே மணிக்கு 36 கிலோமீட்டர்தான். கடலடி வரைபடம் கையில் இருக்கிறது, நிலநடுக்கம் நடந்த இடமும் தெரியும். மிச்சம் கணக்குதான்.

உயரம் வேறு கதை. எந்தப் பிளவு, எவ்வளவு நீளத்துக்கு, எத்தனை மீட்டர் சரிந்தது, கடலடி மேலே எழும்பியதா பக்கவாட்டில் நகர்ந்ததா, இதெல்லாம் முதல் சில நிமிடங்களில் தெரியாது. உங்கள் 8.0 எப்படி 8.8 ஆனது என்று பார்த்தீர்களே, அதேதான். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 வந்தது. 2004-ஐ மறக்காத கரைகள் எல்லாம் காலியாயின. ஆனால் அந்தப் பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில்தான் நகர்ந்தன. தண்ணீரை மேலே தூக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை. அலை சிறியதாகவே போயிற்று.

ஆழ்கடல் தரையில் அழுத்தமானிகளை இறக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான மீட்டர் தண்ணீர் நிற்கும்போதே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த ஏற்ற இறக்கத்தை அது உணரும். ஒலியாக மிதவைக்கு அனுப்பும், மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அலை அதைக் கடந்த பிறகு கணக்கைத் திருத்துவார்கள். நீங்கள் ஆறாம் தளத்தில் மணி பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தத் திருத்தம்தான் நடந்துகொண்டிருந்தது.

அப்படியும் கரையின் வடிவம் கடைசியில் கையை விரித்துவிடும். கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டி எப்போதும் பக்கத்து ஊர்களைவிட அதிகமாக வாங்கிக்கொள்கிற ஊர். அந்த விரிகுடாவுக்கு என்று ஓர் ஊசல் நேரம் இருக்கிறது, அதோடு ஒத்துப்போகிற அலை வந்தால் உள்ளேயே ஆடி ஏறும். நீங்கள் சொல்கிற அதே அலையில் அங்கே படகுத்துறை சேதமானது.


வெட்டிக்கேள்வி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அன்று ஜப்பானில் 20 லட்சம் பேர் அளவுக்கு வெளியேறச் சொன்னார்கள். அங்கே பதிவான அதிகபட்சமே 1.3 மீட்டர். உயரமான இடத்துக்குக் கார் ஓட்டிப்போன ஒரு பெண் பள்ளத்தில் விழுந்து இறந்தார். 1986-இல் ஹவாயில் இதே போல ஊரைக் காலி செய்தார்கள், சாலையெல்லாம் முடங்கியது, வந்தது சின்ன அலை. காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?


பாகம்_ஐம்பது:

தம்பி ஃபிட்டர், உனக்குப் புத்தி கெடவில்லை. வெட்டிக்கேள்வி, நீங்கள் சொன்னதும் தப்பில்லை. அந்த 1986-க்குப் பிறகுதான் ஆழ்கடலில் அளந்து பார்க்காமல் இனி ஊரைக் கிளப்பக் கூடாது என்ற பேச்சு வலுத்தது. மேலே அழுத்தமானி சொல்கிற மிதவைகள் அந்த எரிச்சலின் பிள்ளைகள்தான்.

நான் கப்பலில் செகண்ட் மேட் என்ற அதிகாரியாக இருந்த காலத்தில் 2010 பிப்ரவரி 27, சிலி நிலநடுக்கம். அதுவும் 8.8. ஹவாய்க் கரையில் காலை 6 மணிக்கே சைரன். எங்கள் கப்பல் ஐம்பது பாகம் (சுமார் 90 மீட்டர்) ஆழத்துக்கு வெளியே போய் நின்றது. பதினோரு மணிக்கு மேல் அலை வர வேண்டும். பிரிட்ஜில் எல்லோரும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தோம். நேரம் கடந்தது. கேப்டன், "இவ்வளவுதானா?" என்றார். அதே வார்த்தை! கரையில் ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் வந்தது.

அந்த வார்த்தை ஹவாயின் ஹீலோ நகரில் என்ன செய்தது என்று பிறகு படித்தேன். 1960 மே 22, சிலியில் 9.5. ஹவாய்க்கு வர ஏறக்குறைய 15 மணி நேரம். தாராளமான அவகாசம். இரவு எட்டரைக்கு சைரன் ஊதிவிட்டார்கள். அதற்கு முன் 1946 சுனாமியில் அந்த ஊரில் மட்டும் 96 பேர் இறந்திருக்கிறார்கள். அந்தச் சாவுகளால்தான் 1949-இல் எச்சரிக்கை மையமே வந்தது. ஆனால் நடுவில் 1952, 1957 என்று இரண்டு முறை ஊர் காத்திருந்து பார்த்தது, ஹீலோவில் யாரும் சாகவில்லை. அதனால் 1960-இல் சைரன் கேட்டவர்களில் பாதிப் பேர்கூட வெளியேறவில்லை. சிலர் அலை பார்க்கவே கரைக்குப் போனார்கள்.

நள்ளிரவுக்குச் சற்றுப் பின் முதல் அலை வந்தது. நாலடி இருக்கும். பார்த்தவர்களில் சிலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அடுத்தது அதைவிடப் பெரியது. அதற்கும் அடுத்து, 1.04-க்கு, இருபது அடி உயரச் சுவராக மூன்றாவது. 61 பேர். ஹீலோவின் வையாக்கேயா பகுதியில் ஒரு கடிகாரம் இன்றும் 1.04-இல் நின்றபடி இருக்கிறது, கம்பத்தின் மேல். அந்த ஊருக்குப் போனபோது அதன் அடியில் நின்று பார்த்தேன். என் கைக்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

1964 கிரசென்ட் சிட்டியும் இதே பாட்டுதான். அலாஸ்கா நிலநடுக்கம், முதல் அலைகள் சுமார், கடைகளைத் துடைத்துப் பொருளை எடுக்க ஆட்கள் இறங்கிப் போனார்கள். நான்காவது அலைதான் பெரியது.

அதனால் ஏமாற்றம் வருவதைப் பற்றிக் கூச்சப்படாதே. உடம்பு ஆறு மணி நேரம் விறைத்து நின்ற பிறகு அது எங்கேயாவது இறங்கியாக வேண்டும். சிரித்தபிறகு கீழே இறங்கினாயா, இல்லையா? எனக்கு அதைச் சொல்.


அழுத்தமானி:

ஒன்று சேர்க்கிறேன். "சின்ன அலை" என்று நாம் சொல்வது தூரத்துக் கரையின் பேச்சு. அதே ஜூலை அலை குரில் தீவுகளில் செவெரோ-குரில்ஸ்க் துறைமுகத்துக்குள் புகுந்தது. அந்த ஊர் 1952 நவம்பரில் அதே கம்சட்காப் பிளவு 9.0 அளவில் உடைந்தபோது துடைத்தெறியப்பட்டது, 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு ஊரை மேட்டில் கட்டினார்கள். அவர்களுக்கு ஆறு மணி நேரம் எல்லாம் கிடைக்காது. நிலம் அதிர்வதுதான் அவர்களுக்கு சைரன்.


கரையில்விட்ட_ஃபிட்டர்:

பாகம் அண்ணே, இறங்கினேன். அதைத்தான் முதல் பதிவில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஹலேய்வாச் செய்தி வந்து அரை மணி நேரம் கழித்து மூன்றாம் தளம் வரை வந்தேன். கால் வலிக்கிறது, கொஞ்சம் நடக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கழுதை, துறைமுகத்தைப் பார்க்கத்தான் போனேன். படிக்கட்டில் அந்தச் சிறுமியின் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவரும் இறங்கப் பார்த்தாரா, அல்லது இறங்குகிறவர்களைத் தடுக்க நின்றாரா, தெரியாது. ஒன்றும் பேசவில்லை. அடுத்த அலைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று கையால் காட்டி, மேலே போகச் சொன்னார். போனேன். தரத்தைக் குறைக்கும் வரை அங்கேயே இருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்த மூன்றாம் தளம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

வெட்டிக்கேள்வி சார், விலை இருக்கிறது என்பது சரி. என் கணக்கில் அது ஒரு ராத்திரித் தூக்கம், வாங்காமல் போன ஒரு ஜோடி பூட்ஸ்.

மறுநாள் கப்பல் திரும்பி வந்தது. கேங்வேயில் ஏறியதும் போசன் கேட்ட முதல் கேள்வி, "அலை எப்படி இருந்தது?"

"நான் பார்க்கவில்லை, இருட்டு. உங்களுக்கு அடியில்தானே போயிருக்கும், ஆட்டியதா?"

"எப்போது போனது என்றே தெரியாது," என்றார். "நீ பார்த்திருப்பாய் என்று எல்லோரும் உனக்காகக் காத்திருந்தோம்."